வார்யாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பியவர்

ஜமீலாக்கா இறந்த செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. நம் வாசகர் வட்டத்தில் எல்லோரும் நூலகத்தில் கூடி, இரங்கல் பேசி, டீ குடித்துக் கலைந்துபோன பிறகு வந்தது. மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் நமது கையெழுத்துப் பத்திரிகையில் ஏறிவிட்டதாம். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன், சீக்கிரம் கொடு என்று கமலா டீச்சர் சொல்லியனுப்பினார். செத்தவரைப் பற்றி எழுதுவதிலும் நான்தான் கடைசி. தாமதத்துக்குக் காரணம் நான் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜமீலாக்கா எங்களுக்கு எதிர்வீடு. எங்கள் வாசற்படியில் நின்றால் அவர் வீட்டுப் பின்கட்டு முருங்கைமரத்தின் உச்சி தெரியும். அவர் கணவருக்குப் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் சாமான் கடை. இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் போனது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். அவர் இறந்தது இங்கே இல்லை. அண்ணன் மகள் நிக்காஹுக்காகக் கிருஷ்ணகிரியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். "என்னாங்க அத்தை, எதிர்வூடு பூட்டியே கெடக்குது, ஜமீலாக்கா இன்னும் வரலையா?"

என் மாமியார் கீரையை ஆய்ந்தபடியே சொல்வார். "அவங்கம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க."

என் வீட்டுக்காரரும் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் அதையே சொன்னார். "அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க."

அந்த வார்த்தையைக் கேட்டவுடனே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாருக்கு வராவிட்டாலும் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பேங்க் கிளார்க் முரளி ஏதோ கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்றபடி, "இரங்கல் கூட்டத்துக்கு உங்களை எதிர்பார்த்தோம் மேடம், ஜமீலாம்மாவுக்கு நீங்கதானே நெருக்கம்" என்றார். உள்ளே மாமியார் கையிலிருந்த டம்ளரை டக்கென்று வைத்த சத்தம் கேட்டது. முரளிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பொய் சொல்லலையே. போனாங்க, அது நெசம்தானே. திரும்பி வருவாங்கன்னு நான் சொன்னேனா?"

சர்க்கரை ஆலையில் கணக்குப் பார்க்கிற மனுஷன். வார்த்தையையும் அப்படித்தான் கூட்டிக் கழித்து வைத்திருக்கிறார். எனக்கு இப்போது ஏழாம் மாதம். வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாதாம், எழவு வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாதாம். நான் சேலத்தில் தங்கி பி.எஸ்ஸி. படித்தவள். தாவரவியல். என் சிநேகிதியின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை, கீரை ஆய்ந்தபடியும் பேப்பர் படித்தபடியும் இரண்டு பேர் முடிவு செய்தார்கள். இந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜமீலாக்காவைப் பற்றி எரிச்சல் இல்லாமல் எழுத எனக்குத் தெரியவும் தெரியாது.

அவரோடு எனக்கு நெருக்கம் உண்டானது அந்த ரஷ்ய நாவலால்தான். அதன் பேரை இங்கே எழுதவில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்கள் பேரைப் பார்த்தே பயந்துபோவார்கள். நாலு பாகம். ஒவ்வொன்றும் செங்கல். மாஸ்கோவில் தமிழில் அச்சடித்து, வேனில் ஊர் ஊராக வந்த புத்தகங்களில் இருந்து நம் கிளை நூலகத்துக்கு ஒரே ஒரு பிரதி வாங்கிப் போட்டிருந்தார்கள். முதல் பாகத்தின் பின்னட்டையில் தேதி முத்திரை குத்த இடமில்லை. இரண்டாம் பாகத்தில் நாலைந்து முத்திரை. நாலாம் பாகத்தைத் திறந்தால் பசை வாசனை அப்படியே இருந்தது.

நம் வட்டம் அந்த நாவலை எடுத்த வருஷம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ஆளுக்கொரு விதமாக மல்லுக்கட்டினோம். கமலா டீச்சர் காலண்டர் தாளின் பின்புறம் யார் யாருக்கு என்ன உறவு என்று வம்சப்படம் வரைந்து சமையலறையில் ஒட்டினார். ஆலையில் கரும்பு ஆபீசராக இருந்தவர் யுத்தம் வருகிற பக்கங்களை மட்டும் படித்துவிட்டு, நாவல் நன்றாக இருந்தது, நடுநடுவே குடும்ப விவகாரம்தான் தொந்தரவு என்றார். எல்லோருக்கும் பொதுவான துன்பம் அந்தப் பேர்கள். ஒருத்தருக்கே மூன்று பேர். வீட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று, கோபம் வந்தால் முழுநீளம். பதினைந்து பேர் இருக்கிற விருந்தில் நாற்பது பேர் இருப்பதுபோல நமக்குத் தலை சுற்றும்.

நான் படித்த விதம் எல்லோரையும் விடக் கேவலம். நான் படிக்கவே இல்லை, படுத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் என் மகள் வயிற்றில் இருந்தாள். அதற்கு முந்தியது ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதனால் தருமபுரி லேடி டாக்டர், எழுந்து நடமாடவே கூடாது, இடது பக்கமாகப் படுத்தே இரு என்று சொல்லிவிட்டார். அம்மா ஏரியூரில், நிலம் நீச்சு மாடு கன்று என்று அசைய முடியாத குடும்பம். மாமியார் அப்போது கிராமத்தில் இருந்தார். வீட்டுக்காரர் காலையில் ஆலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அசைகிறதா அசையவில்லையா என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஒரு மணி நேரம் அசையாவிட்டால் எனக்கு வியர்த்துவிடும். அசைந்தால் ஏன் இப்படி அசைகிறது என்று வியர்க்கும்.

அப்படிக் கிடந்தபோது ஒரு மத்தியானம் ஜமீலாக்கா முருங்கைக்கீரைக் கட்டும் அந்தச் செங்கற்களில் முதல் பாகமுமாக வந்து சேர்ந்தார். "நீ படுத்துக் கெடக்கற, எனக்கு மத்தியானத்துல தூக்கம் வராது. நான் வாசிக்கறேன், நீ கேளு. கமலா டீச்சருக்கு முந்தி நாம முடிச்சுடலாம்."

மதியம் லுஹர் தொழுகை முடிந்து வருவார். சாயங்காலம் அஸர் பாங்கு சொன்னதும் எழுந்து போவார். இடைப்பட்ட நேரம் எங்களுக்கு ரஷ்யா. வீட்டில் உருது பேசுகிறவர், ஆனால் அவர் தமிழ் வாசிப்பதைக் கேட்டால் நான் படித்த காலேஜ் வெட்கப்படும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல். தளபதிக்குத் தன் மாமனாரின் குரல், பிரபு வீட்டுச் சீமாட்டிக்கு யாருடைய குரல் என்று சொல்ல மாட்டேன், அவர் நம் வட்டத்தில்தான் இருக்கிறார். எரிச்சல் என்னவென்றால், பாங்கு கேட்டால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். துப்பாக்கியைத் தூக்கிவிட்டான், சுட்டானா இல்லையா தெரியாது, புத்தகம் மூடிவிடும்.

"அக்கா, இன்னும் ஒரு வரி."

"அல்லா கூப்புடறான் கண்ணு. அந்தத் துப்பாக்கி நாளைக்கு வரைக்கும் அப்படியே நிக்கும், எங்கியும் போவாது."

புத்தகத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். தனியாக எடுத்துப் படித்திருக்கலாம். ஆனால் படுத்த வாக்கில் அதைத் தூக்கிப் பிடித்தால் கை வலிக்கும், நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டும், வயிற்றில் வைக்கவோ எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நாவலில் வார்யா என்று ஒரு பெண் வருகிறாள். முழுப்பேர் நீளம், அது வேண்டாம். பாவெல் என்ற பெரிய அதிகாரியின் மனைவி. சின்னப் பெண், சிரித்த முகம், கதையில் அவளுக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் அவளும் பிள்ளைத்தாச்சி. அவளுக்கும் மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் எல்லாவற்றுக்கும் பயம். மற்றவர்களெல்லாம் யுத்தம், அரசியல், கடவுள் என்று பக்கம் பக்கமாகப் பேசும்போது எனக்கு அவள் எப்போது வருவாள் என்றே இருக்கும். எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, இரண்டாம் பாகத்தில், வார்யாவுக்கு வலி எடுத்தது.

அந்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியே பனி கொட்டுகிறது, டாக்டரை அழைத்துவரப் போன வண்டி திரும்பவில்லை, பாவெல் நடையில் நின்றுகொண்டிருக்கிறான். ஜமீலாக்கா பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தை அடிவரைக்கும் கண்ணால் பார்த்தார். "தொண்டை வறண்டுபோச்சு, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்" என்று எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தில் தொடங்கினார். டாக்டர் வந்துவிட்டார். விடியற்காலையில் ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். பனி விட்டதும் வார்யாவை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

"அங்கயும் அந்தப் பழக்கம் இருக்குதா அக்கா?"

"இல்லாமயா? பொம்பளைங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே."

அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அன்றிலிருந்து ஜமீலாக்கா புத்தகத்தை என்னிடம் விட்டுவைக்கவில்லை. கையோடு எடுத்துப் போய்விடுவார். வைத்துவிட்டுப் போங்களேன் என்றால், "உனக்குக் கண்ணு கெட்டுப்போவும்" என்பார். புத்தகத்தை நான் கசக்கிவிடுவேன் என்று நினைக்கிறார் என்று எனக்குள் கறுவிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. வார்யா தாய்வீட்டிலிருந்து வரவே இல்லை. இரண்டாம் பாகம் முடிந்தது, மூன்றாம் பாகம் ஆரம்பித்தது, ஆளைக் காணோம். குழந்தை மட்டும் பாவெல் வீட்டில் தவழ்கிறது.

"பிள்ளை இங்க இருக்குது, தாய் எங்க அக்கா?"

"அவங்கள்லாம் பெரிய எடம். தாதிகிட்ட வுட்டு வளக்கறதுதான் அவங்க வழக்கம். வார்யாவுக்கு உடம்பு இன்னும் தேறல."

"பாவெல் எதுக்கு இப்ப அழுவறான்?"

"லீவு கெடைக்கல."

நான் நச்சரிக்க நச்சரிக்க, வார்யாவிடமிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஜமீலாக்கா அதை வாசிக்கும்போது குரலே மாறும். அம்மா தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், இடுப்புவலி பரவாயில்லை, அப்பா என்னோடு பேசுவதற்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வருகிறார், தம்பி எனக்கென்று தனியாக ஊஞ்சல் கட்டியிருக்கிறான். ஒரு கடிதத்தில் வார்யா, தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுவதாக எழுதியிருந்தாள்.

"ரஷ்யாவுல முருங்கைமரமா?" என்றேன். தாவரவியல் படித்தவளாயிற்றே.

ஜமீலாக்கா அசரவில்லை. "தமிழ்ல எழுதினவரு நம்ம பக்கத்து ஆளு போல இருக்குது. அவரு வூட்ல இருந்திருக்கும்."

அதையும் நம்பினேன். இதற்கிடையில் தமாரா என்று ஒருத்தி பாவெல் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தாள். யார் இவள் என்றால், தங்கச்சி முறை வேணும் என்றார். தங்கச்சி முறைக்காரி அவனோடு கைகோத்து நடனமாடுகிறாள், அவன் எழுதுகிற மேஜையில் உட்காருகிறாள், அவன் பிள்ளைக்குத் தொப்பி பின்னுகிறாள். நான் கொதித்துப்போனேன். வார்யாவுக்கு யாராவது ஒரு கார்டு போடக் கூடாதா என்று கேட்டேன். ஜமீலாக்கா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு இருமினார். இருமல் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் பாகம் முடிகிற சமயத்தில் எனக்குத் தருமபுரியில் பிரசவமாயிற்று. பெண். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஏரியூருக்கு, என் தாய்வீட்டுக்குப் போய், பாப்பாவுக்குத் தலை நின்ற பிறகுதான் பாலக்கோட்டுக்குத் திரும்பினேன். வந்த மாதமே நம் வட்டத்தில் அந்த நாவலைப் பற்றிக் கூட்டம். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பேசுகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் முதல் கை என்னுடையது.

என்ன பேசினேன் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை. நாவலாசிரியருக்குப் பெண்களின் கஷ்டம் தெரியவில்லை என்றேன். பாவெலைப் போல ஒரு புருஷன் உலகத்தில் இருக்க முடியாது என்றேன். "என் வீட்டுக்காரர் சாதாரண குமாஸ்தா. அவரே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பென்னாகரத்தில் பஸ் மாறி ஏரியூர் வந்து என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போனார். இந்தப் பாவெலிடம் அத்தனை குதிரை இருக்கிறது. பெற்று எழுந்தவளை இரண்டு பாகமாகத் தாய்வீட்டில் போட்டுவிட்டு, ஒருத்தியோடு ஆடிக்கொண்டிருக்கிறான். இதை ஆசிரியர் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை" என்றேன்.

கமலா டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார். கரும்பு ஆபீசர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அப்போது புதிதாக மாற்றலாகி வந்திருந்த முரளிதான், மரியாதையாக எழுந்து நின்று, "மேடம், அவங்க ரெண்டாம் பாகத்துல பிரசவத்துலயே இறந்துட்டாங்களே" என்றார்.

என் வாழ்க்கையில் இரண்டு சாவுகளை என்னிடம் சொன்னவர் அந்த மனிதர். பாவம், இரண்டு தடவையும் சொல்லக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மற்ற எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் படுத்திருந்தபோது என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரையும் ஜமீலாக்கா வாசலிலேயே மறித்து, அவகிட்ட வார்யா பேச்சை எடுக்காதீங்க என்று சொல்லித்தான் உள்ளே விட்டிருக்கிறார். பிள்ளை பிறந்ததும் சொல்லிவிடுவார் என்று அவர்களும், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று அவரும் இருந்திருக்கிறார்கள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஜமீலாக்கா கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். இல்லை.

அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். முருங்கைமரத்தடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"ஊரே என்னைப் பாத்து சிரிக்குது. நீங்க இப்படி ஏமாத்தலாமா?"

"அப்ப உனக்கு ஆறு மாசம். ஏற்கனவே ஒண்ணு போயிருந்துச்சு. பக்கத்தைத் திருப்பினா அந்தப் பொண்ணு சாவுது. நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

"உள்ளதைப் படிச்சிருக்கணும். நான் பி.எஸ்ஸி. படிச்சவ. கதைக்கும் நெசத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்."

"நீ படிச்சே, சரி. உன் வயித்துல இருந்தது பி.எஸ்ஸி. படிக்கலையே."

இப்படிப்பட்டவரோடு எப்படித்தான் சண்டை போடுவது? நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் யார் வாயாலும் கேட்கப் போவதில்லை, என் கண்ணாலேயே படிப்பேன் என்று நூலகத்துக்குப் போய் இரண்டாம் பாகத்தை எடுத்துவந்தேன். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு, இன்னொரு கையில் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அந்தப் பக்கம் வந்தது. பனி, திரும்பாத வண்டி, நடையில் பாவெல். பக்கத்தைத் திருப்பினேன். வார்யாவின் சாவு முழுசாக ஒரு பக்கம்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. ஜமீலாக்கா முன்கூட்டிப் படித்துவிட்டு வந்தவர் இல்லை. என் எதிரில்தான் அவரும் முதல் முறையாக அந்த வரிகளைப் பார்த்தார். பானை வரைக்கும் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து வருகிற நேரத்தில் டாக்டரை வரவழைத்து, பிள்ளையை வெளியே எடுத்து, தாயைப் பிழைக்க வைத்து, பனி விட்டதும் வண்டி கட்டி அனுப்பியும் விட்டார். அதன் பிறகுதான் தினமும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், அடுத்த நாள் எதை மறைக்கலாம் என்று பார்த்து வைத்திருக்கிறார். நான் கறுவிக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம், நாலாம் பாகங்களையும் நானே படித்து முடித்தேன். அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் இறந்த பிறகு வார்யாவின் பேச்சு ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் யாரோ பழைய படத்தைத் துடைக்கும்போது. பாவெல் தமாராவைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சுவார்த்தை இல்லை என்பதையே மறந்து எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, இதை எழுதின ஆளு அவளை மறந்தே போயிட்டாரு."

ஜமீலாக்காவுக்கு அவள் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அவருக்கு வேலை ஜாஸ்தி கண்ணு. சண்டை பாக்கணும், ராஜாவைப் பாக்கணும். நமக்கு ஒரு பொண்ணுதானே. நாம பாத்துக்கிட்டோம்ல."

அவ்வளவுதான், சமாதானம். பாப்பா வளர்ந்து நடக்க ஆரம்பித்த பிறகு பாதி நாள் அந்த முருங்கைமரத்தடியில்தான் கிடந்தாள். உதிர்கிற பூவைப் பொறுக்குவதும், ஜமீலாம்மா ஜமீலாம்மா என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிவதுமாக. அவரும் நானும் அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்களை அடித்துக்கொண்டு படித்தோம். ஒவ்வொரு தடவையும், "யாராச்சும் சாவறாங்களா? இப்பவே சொல்லிடுங்க" என்பேன். "கெட்டவங்க மட்டும்தான்" என்பார். நம்ப மாட்டேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். முரளி சொல்லிப்போன மறுநாள் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் கணவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பியிருந்தார். நான் எங்கள் வாசற்படி வரைக்கும் போனேன். மாமியார் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், தெருவைத் தாண்டிவிடுவேனோ என்று. பாய் என்னைப் பார்த்ததும் தெருவின் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

"எனக்கு யாருமே சொல்லலீங்க பாய்" என்றேன்.

"நான்தாம்மா சொல்ல வேண்டாம்னேன். ஆலைக்கு டிரங்கால் போட்டு உங்க வூட்டுக்காரர்கிட்ட விஷயத்தைச் சொல்லும்போதே, பாப்பாம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ இருந்தா அதைத்தானே சொல்லியிருப்பா."

ஆக, ஜமீலாக்காவின் சாவையும் எனக்கு மறைத்தது ஜமீலாக்காவேதான். அந்த ரஷ்யாக்காரியை அனுப்பிய அதே வழியில் தானும் போய்விட்டு, சொல்லாதே என்று ஏற்பாடும் செய்துவிட்டுப் போன மாதிரி. இதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது? முருங்கைமரத்தடியில் துணி உலர்த்துகிறவர் இப்போது இல்லை. நான் அழுவதைப் பார்த்து மாமியார் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அந்த நேரத்திலும் எனக்கு அசைகிறதா என்றுதான் மனசு ஓடியது. அசைந்தது.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய குரல்வளம், நினைவாற்றல், தாராள குணம் எல்லாவற்றையும் பேசினீர்களாம். எல்லாம் சரி. என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. வார்யா தாய்வீட்டிலிருந்து எழுதிய கடிதங்கள். நூலகத்தில் நாலு பாகமும் இருக்கின்றன, நான் போய் எடுக்கலாம், ஆனால் அந்தக் கடிதங்கள் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிற அம்மாவும், ஊஞ்சல் கட்டிய தம்பியும் எந்த அச்சாபீசிலும் ஏறவில்லை. கேட்டது நான் ஒருத்தி. அதிலும் பாதியை, தமாராவின் மேல் இருந்த கோபத்தில், சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

நேற்று பாப்பா வாசலில் நின்று எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருக்கிறது, ஆளைக் காணோம் என்பது அவளுக்குப் புரியவில்லை.

"அம்மா, ஜமீலாம்மா எங்க?"

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்பதைப் பற்றி இந்த வீட்டில் நாலு நாளாகப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பவள் நான்தான். மாமியார் உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை வறண்டது. போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தேன்.

"அவங்கம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"கடுதாசி போட்டிருக்காங்க. அவங்கம்மா தெனமும் எண்ணெய் தேச்சு விடறாங்களாம். நெஞ்சுவலியெல்லாம் போயிடுச்சாம். தம்பி ஊஞ்சல் கட்டிக் குடுத்திருக்கறானாம்."

பாப்பா யோசித்தாள். என் மகள் அல்லவா, எதையும் சும்மா நம்பிவிட மாட்டாள்.

"அங்க முருங்கைமரம் இருக்குதா?"

இருக்கிறது என்றேன்.